ஜூனில் கோவளம், ஒரு கேன் சிறுவாணித் தண்ணீருடன்

போன வாரம் தங்கை மகள் போன் செய்தாள். "பெரிம்மா, ஜூன்ல நாலு நாள் லீவு கெடைக்குதுங்க. கோவளத்துல ரூம் பாதி வெலைக்குத் தர்றாங்க. புக் பண்ணீரட்டுங்களா?" என்றாள். பண்ணிவிடாதே கண்ணு என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற காரணம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஜூனில் கடலுக்குக் கிளம்பும் கோயமுத்தூர்க்காரர்கள் அவளைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் போனது 1996 ஜூன் கடைசி வாரம். நான்கு இரவுகள், இரண்டு பேர். நானும் என் வீட்டுக்காரர் ரங்கசாமியும். மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். கீழே வரும் விலைகள் எல்லாம் அந்தக் காலத்து விலைகள், அதை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஆட்டோக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கடலும் காற்றும் மழையும் மாறவில்லை, அந்தத் தகவல்களை மட்டும் நம்பலாம்.

ஏன் ஜூன் என்று கேட்பீர்கள். எங்களுக்குப் பீளமேட்டில் மோட்டார் பம்பு ரிப்பேர் பட்டறை. வெயில் காலத்தில் கிணறுகளில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகும், தோட்டத்து மோட்டார்கள் வரிசையாக எரியும், எங்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. ஜூனில் காற்று திரும்பிவிட்டால் வேலை படுத்துவிடும். ஆக, பட்டறைக்காரர்களுக்கு லீவு என்றால் அது ஜூன், ஜூலைதான். ஊரிலும் அப்போதுதான் நல்ல பருவம். ஜில்லென்ற காற்று, முகத்தில் தெளிக்கிற சாரல், ஃபேன் போடாமல் தூங்கலாம். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது, வருகிற வழியில் என்னென்ன செய்துவிட்டு வருகிறது என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் உண்மையான காரணம். அந்த ஏப்ரலில் பட்டறையில் ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்றைத் தூக்கும்போது அவருக்கு நெஞ்சு வலி வந்தது. வயது நாற்பத்தாறு. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "மூணு மாசத்துக்கு எதையும் தூக்கக் கூடாது. தினமும் ஒரு மணி நேரம் சும்மா உட்காரணும். பேப்பர்கூட வேண்டாம், சும்மா" என்றார். எங்கள் வீட்டுக்காரருக்கு இதில் முதல் பாதியாவது புரிந்தது. சும்மா உட்காருவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பத்தொன்பதாம் நாள் பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

எனக்குப் பயம். அதை மறைத்து எழுத ஒன்றுமில்லை. அவர் தூங்கும்போது மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். உப்பைக் குறைத்தேன், எண்ணெயை நிறுத்தினேன், மாடிப்படிக்குக் குறுக்கே ஸ்டூலைப் போட்டேன். டாக்டரின் அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. நீலக் கடல், ஒரு தென்னை, அதன் அடியில் காலியாக ஒரு நாற்காலி. கீழே கோவளம் என்று போட்டிருந்தது. அந்த நாற்காலியில் இவரைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டால் போதும், ஆள் பிழைத்துக்கொள்வார் என்று எனக்குப் பட்டது.

கிளம்புவதற்கு முன் அவர் பையை நான் இரண்டு முறை கொட்டிப் பார்த்தேன். டெஸ்டர், ஸ்பேனர் எதுவும் இல்லை. திருப்தி. என் பங்குக்கு நான் எடுத்துக்கொண்டது பத்து லிட்டர் கேனில் சிறுவாணித் தண்ணீர். சிரிக்காதீர்கள். கோயமுத்தூர்க்காரர்கள் வெளியூர் போனால் முதலில் குறை சொல்வது தண்ணீரைத்தான், நான் குறை சொல்வதற்குப் பதில் கையோடு கொண்டுபோனேன். கேன் நசுங்காமல் இருக்கச் சுற்றிலும் சாக்குத் தைத்திருந்தேன். அவர் தூக்கக் கூடாது என்பதால் ரயில் வரைக்கும் நான்தான் சுமந்தேன். பத்து லிட்டர் இவ்வளவு கனக்குமா என்று ஒரு கணம் தோன்றியது.

காலை ஆறரைக்கு ஜங்ஷனில் ரயில் ஏறினோம். திருவனந்தபுரம் சுமார் நானூறு கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்குத் தொண்ணூற்றெட்டு ரூபாய். வாளையார் தாண்டும் வரை நம் ஊர்க் காற்றும் நம் ஊர்ச் சாரலும்தான். பாலக்காடு வருவதற்குள் ஜன்னலை இறக்கச் சொல்லிவிட்டார்கள். திருச்சூரில் பிளாட்பாரம் தெரியவில்லை. நான்கு மணிக்குப் போகவேண்டிய வண்டி ஐந்து பத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அதுவரைக்கும் மழை நிற்கவில்லை. எங்கள் ஊருக்குச் சாரலை அனுப்பிவிட்டு மிச்சத்தை எல்லாம் இங்கேதான் கொட்டுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஸ்டேஷனிலிருந்து கோவளம் பதினாறு கிலோமீட்டர். கிழக்கேக்கோட்டையிலிருந்து பஸ் உண்டு, நான்கு ரூபாய்க்குள் முடியும், முக்கால் மணி நேரம். மழையில் கேனோடு பஸ் வேண்டாம் என்று ஆட்டோ பிடித்தோம், தொண்ணூறு ரூபாய். டிரைவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பவா கோவளம்? மழையல்லே சேச்சி. டிசம்பர்ல வரணும்" என்றார். அந்த நான்கு நாளில் எங்களிடம் இதையே சொன்னவர்கள் ஒன்பது பேர். இவர் முதல் ஆள்.

தங்கிய இடம் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், மேட்டில் இருந்த ஆறு அறை லாட்ஜ். சீசனில் நானூற்றைம்பது ரூபாய் அறை எங்களுக்கு நூற்றைம்பது. லாட்ஜ்காரர் சுகுமாரன், நடுத்தர வயது, நல்ல மனுஷர், எல்லையோர ஆள் என்பதால் தமிழும் வரும். எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. ஏன் என்பது வராந்தாவுக்கு வந்து கடலைப் பார்த்தவுடன் தெரிந்தது.

படத்தில் பார்த்த நீலம் எங்கும் இல்லை. கடல் கலங்கிய காப்பி நிறத்தில் எழுந்து எழுந்து விழுந்தது. மணல் இருந்த இடத்தில் பாதியைக் காணோம். கரையில் சிவப்புக் கொடி, ஓட்டல்களுக்கு ஓலைத் தட்டி மறைப்பு. நாற்காலிகளை எல்லாம் அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நான் அந்தத் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. நானூறு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு வந்து இவருக்கு உட்கார ஒரு நாற்காலி இல்லை.

மறுநாள் லாட்ஜின் பிளாஸ்டிக் நாற்காலியை வராந்தாவில் போட்டு உட்காரவைத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம். எழுந்துபோய்க் கதவுக் கீலை ஆட்டிப் பார்த்தார். மறுபடி உட்காரவைத்தேன், நான்கு நிமிடம். கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு விஷயம் சொல்லவேண்டும். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கோபம் வந்தால் மட்டும் இருவரும் தமிழுக்கு வந்துவிடுவோம். அந்த நான்கு நாளும் பெரும்பாலும் தமிழில்தான் பேசினோம்.

மழை விட்ட நேரத்தில் இரண்டு இடங்களுக்குப் போனோம். விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகம் மூன்று கிலோமீட்டர். மழைக்காலத்தில் கோவளம் மூடிக்கிடந்தாலும் விழிஞ்ஞம் மூடாது, படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், மீன் ஏலம் பார்க்கலாம். பத்மநாப சுவாமி கோவிலுக்கு ஆண்கள் சட்டையில்லாமல் வேட்டி, பெண்கள் புடவை, இதை மறந்து போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்காரர் போகிற வழியெல்லாம் கவனித்தது வீடுகளின் கிணற்றடியைத்தான். "அதும் நம்மூரு மோட்டாரு. இதும் நம்மூரு மோட்டாரு" என்று எண்ணிக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. சுகுமாரன் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "வெள்ளம் கேறுன்னில்லா. மோட்டார் ஓடுது, தண்ணி ஏற மாட்டேங்குது. மெக்கானிக் சிட்டிலேர்ந்து வரணும், நாளைக்குத்தான்" என்றார். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். ரயில் ஏறிய நாளிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம் அதில் வந்திருந்தது. "நீங்க எந்திரிக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு மோர் வாங்கக் கடைக்குப் போனேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்தால் வராந்தா நாற்காலி காலியாக இருந்தது.

லாட்ஜுக்குப் பின்னால் கிணறு, அதன் ஓரம் தகரக் கொட்டகை, அதற்குள் மோட்டார். இவர் குனிந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார். மோர் பாக்கெட் எங்கே விழுந்தது என்று தெரியாது.

"தூக்கினீங்களா?"

"இல்ல அம்மணி. சித்த நகத்தலாமான்னு பாத்தேன்."

"நீங்க செத்துப்போனா நான் என்னங்க பண்றது? சொல்லுங்க. அதையும் சொல்லிப்போட்டு அப்புறம் நகத்துங்க."

சுகுமாரன் மெதுவாக வெளியே போய்விட்டார். இவர் நிமிர்ந்து சுவரில் சாய்ந்து நின்றார். "கை சும்மா கெடந்தா நான் ஏற்கெனவே செத்துப்போட்ட மாதிரி இருக்குது, சரோஜா. ரெண்டு மாசமா அப்பிடித்தான் இருக்குது" என்றார்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக் கேட்ட நீளமான பேச்சு அது. என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பட்டறைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய், பாத்திரம் காலியாகும் வரைக்கும் ஓரமாக நின்று, இவர் எத்தனையோ மோட்டார்களைப் பிரித்து மாட்டுவதைப் பார்த்தவள் நான்.

"நான் பண்றேன். நீங்க உக்காந்து சொல்லுங்க. ஸ்பேனருக்கு எங்க போறது?" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "உன்ற தண்ணிக் கேன்ல... சாக்குக்குள்ளார" என்றார்.

சாக்குத் தையலைப் பிரித்தேன், ஒரு பக்கத்துத் தையல் நான் போட்டது இல்லை. கேனுக்கும் சாக்குக்கும் நடுவே துண்டில் சுற்றி மூன்று ஸ்பேனர், ஒரு டெஸ்டர், வளைத்த கம்பி, ஒரு சுருள் கிளாண்ட் கயிறு. கிளாண்ட் கயிறு என்பது பம்பின் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கிற, கொழுப்பில் ஊறிய கயிறு. இவர் எதையும் தூக்கக் கூடாது என்று, இவருடைய பட்டறையைக் கோயமுத்தூரிலிருந்து நானே சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது. இவரும் சிரித்தார்.

நாற்காலியைக் கொட்டகை வாசலில் கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். மோட்டார் அவர் முதுகுப் பக்கம். பார்த்தால் கை துறுதுறுக்கும், எழுந்து வந்துவிடுவார் என்பது என் கணக்கு. "பாக்க வேண்டாம், கேட்டாப் போதும்" என்று உட்கார்ந்தார். மோட்டாரை ஒரு தடவை போடச் சொன்னார். சத்தத்தைக் கேட்டார். "ஊத்துற தண்ணியெல்லாம் தண்டு வழியா வழியுதா?" என்றார். குனிந்து பார்த்தேன், வழிந்துகொண்டிருந்தது. "கயிறு செத்துப்போச்சு. மொதல்ல கரண்ட் வராம ஃபீஸ் கட்டையப் புடுங்கி கையில வெச்சுக்க" என்றார்.

இரண்டு நட்டைக் கழற்றினேன். பழைய கயிறு கரிக்கட்டையாகியிருந்தது. வளைத்த கம்பியை விட்டு அதைத் துண்டு துண்டாக இழுத்து எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. புதுக் கயிற்றை மூன்று வளையமாக வெட்டினேன். "வெட்டு வாயி மூணும் ஒரே பக்கம் வரக் கூடாது" என்று கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, நட்டை மாட்டி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முடுக்கினேன். அடுத்தது பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பவேண்டும். சுகுமாரன் பக்கத்து வீட்டிலிருந்து காலையெல்லாம் சுமந்த தண்ணீர் தீர்ந்திருந்தது, அவர் மறுபடி வாளியை எடுத்தார். நான் கேனைத் தூக்கினேன். ஐந்து லிட்டருக்கு மேல் மிச்சமிருந்த சிறுவாணித் தண்ணீர் மொத்தமும் கோவளத்துப் பம்புக்குள் போயிற்று.

ஃபீஸ் கட்டையை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் முனகியது. இவர் திரும்பவேயில்லை. "இறுக்கிப்போட்டே. கால் சுத்து லூஸ் பண்ணு" என்றார்.

"அப்பறம் ஒழுகுமுங்களே?"

"ஒழுகக் கூடாது. சொட்டோணும். சொட்டு நின்னுபோச்சுன்னா தண்டு சூடாகி எரிஞ்சுபோகும் அம்மணி."

நிறுத்திவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்தினேன். மறுபடி போட்டேன். முனகல் நின்றது. கயிற்றோரத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்து விழுந்தது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, சுகுமாரன் கைதட்டினார். நான் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பு, எண்ணெய், மாடிப்படி, பேப்பர் என்று இரண்டு மாதமாக நான் இவரை இறுக்கியது எவ்வளவு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி ஐந்து நிமிடம். அவ்வளவு நேரமும் அவர் கால் ஆடாமல், இரண்டு கையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அன்று சுகுமாரன் வீட்டிலிருந்து கஞ்சியும் பயறும் வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் தெலுங்கில் பேசிக்கொண்டோம்.

ஊர் திரும்பிய திங்கட்கிழமை பட்டறைப் பூட்டைத் திறந்தது நான். அவர் பின்னாலேயே வந்து வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முதல் மாதம் வாடிக்கையாளர்கள் என்னைத் தாண்டி அவரிடம் போனார்கள். அவர் ஒவ்வொருவரையும் "உள்ள அம்மாகிட்டச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினார். அந்த நாற்காலி இன்றைக்கும் வாசலில்தான் கிடக்கிறது, அவரும் அதில்தான் இருக்கிறார்.

இனி, கேட்டதற்குப் பதில். கடலில் குளிக்க ஆசை என்றால் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். ஜூன், ஜூலையில் அறை பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் கடல் இல்லை என்று பொருள், அந்த மாதம் மழை பார்க்க மட்டும் போகலாம். சிவப்புக் கொடி கண்டால் கணுக்கால்கூட நனைக்காதீர்கள், அந்த அலை ஆளைக் கேட்டுக்கொண்டு இழுக்காது. நெஞ்சு நோய்க்காரர்களைக் கூட்டிப் போகிறவர்கள் மேட்டு லாட்ஜ் எடுக்காமல் படி ஏற வேண்டாத இடமாகக் கேட்டு வாங்குங்கள், நான் அதைக் கேட்க மறந்தேன். காலையில் கஞ்சி, பயறு கேளுங்கள், எண்ணெய் இல்லாத சாப்பாடு அதுதான். தண்ணீர் கொண்டுபோக வேண்டாம். கொண்டுபோனால் சாக்கை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.

அந்த டிசம்பரில் மறுபடியும் போனோம். அதே லாட்ஜ், முழு விலை நானூற்றைம்பது. கடல் படத்தில் இருந்த அதே நீலம். நாற்காலியும் இருந்தது, குடையோடு. இனி எதையும் தூக்கலாம், படி ஏறலாம், என்னவும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கடிகாரத்தை அறையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வெகு நேரம் கழித்து அவர் மேட்டைப் பார்த்தார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சரோஜா, அந்தப் பம்பு எப்பிடி ஓடுதுன்னு நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார் தெலுங்கில்.

ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் அதே நாற்காலியில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"சொட்டுதா?" என்றார், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொட்டுதுங்க" என்றேன்.